துண்டு போட்டு வைத்த இடம்

திண்டிவனத்தில் ரயில்வே கேட் பக்கம் ஒற்றை அறை எடுத்து நான் தனியாக இருந்த காலம் அது. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கிடப்பேன். திங்கட்கிழமை ஆபீஸில் வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு ஒரு வீடா?

என் புருஷன் அதே ஊரில் நாலு தெரு தள்ளி இருந்தார். ஊமைக்கோட்டான். நான் பத்து வார்த்தை கத்தினால் பதிலுக்கு ஒரு வார்த்தை வராது. எண்பத்து நான்கோ ஐந்தோ, இரண்டு பேரும் சம்மதித்து விழுப்புரம் கோர்ட்டில் விவாகரத்துக்கு மனுப் போட்டிருந்தோம். கடைசி விசாரணை அன்றைக்கு ஜட்ஜ், "சேர்ந்து வாழ வழியே இல்லையா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். என் புருஷனும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அடுத்த திங்கட்கிழமை தீர்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருஷக் கல்யாணம், அவ்வளவுதான்.

வெளியே பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்குக் கூட்டம் அடித்துக்கொண்டது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடிப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் போட்டார். நான் நசுங்கி உள்ளே வந்ததும், "ஜல்தி வா, உக்காரு" என்றார். சொன்ன பிறகுதான் கோர்ட்டில் நடந்தது அவருக்கே நினைவு வந்தது. முகம் தொங்கிப்போனது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. கோர்ட்டில் தலையை ஆட்டிவிட்டு இங்கே என்ன கரிசனம்?

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் துண்டை எடுக்கவில்லை. யார் உட்கார வந்தாலும், "ஆள் இருக்குது" என்றார். விக்கிரவாண்டி தாண்டியும் அதே பாட்டு. கடைசியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டையோடு நின்ற ஒருவர் கத்தினார்: "எங்கய்யா ஆளு? நாங்க நின்னுக்கினு வர்றோம், துண்டு உக்காந்துக்கினு வருதா?"

பேசவே பேசாத மனுஷன் எழுந்து என்னைக் கைகாட்டினார். "அதோ நிக்கிறா பாருங்க. என் பொண்டாட்டி. கோவமா நிக்கிறா."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "போய் உக்காரும்மா, சண்டைய வீட்ல வச்சிக்கங்க" என்றார். வீடாம்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போய் உட்கார்ந்தேன். இந்த மனுஷனை விட்டால் எனக்கு யாருமில்லை, இவர்மேல் வைத்த ஆசை போகவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மயிலம் கூட்ரோடு தாண்டியதும் நான் கேட்டேன்.

"ஜட்ஜ் கேட்டப்ப ஏன் தலையாட்டுனீங்க?"

"நீதான இல்லன்னு சொன்ன."

"மனுவுல ஏன் கையெழுத்து போட்டீங்க?"

"நீதான கேட்ட."

"நீங்க மாட்டேன்னு சொல்லுவீங்கன்னுதான கேட்டேன்!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தினி பேசறவ, இத மட்டும் ஏன் சொல்லல?"

திண்டிவனத்தில் இறங்கி அவர் பின்னாலேயே அவர் தெருவுக்கு நடந்தேன். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் விழுப்புரம் போகவில்லை.