சுற்றாத கேக் மெஷின்

அக்கா, அந்த மெஷின் இங்கே வேலை செய்யாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அனுப்பினீர்கள்.

இனி இதை வாசிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் அக்கா கனடாவில் இருக்கிறார். நான் திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் உள்ள ஒரு வீட்டில் கேக் செய்து விற்கிறேன். பிறந்தநாள் கேக், உப்புவெளி விடுதிகளுக்கு பட்டர் கேக், கிறிஸ்மஸுக்கும் கலியாணங்களுக்கும் றிச் கேக். கணவர் ஒரு கந்தோரில் ஸ்டோர் கீப்பர். வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் என் கேக்கில் இருந்துதான் வருகிறது. அதை அவர் மறுக்க மாட்டார். தானாகச் சொல்லவும் மாட்டார்.

கேக் வேலை என்றால் அடிப்பதுதான். வேகவைப்பதை ஒவன் பார்த்துக்கொள்ளும். பட்டரையும் சீனியையும் வெள்ளையாகும்வரை அடிப்பதற்குக் கை வேண்டும். கையில் பிடிக்கிற சின்ன பீற்றர் பட்டர் கேக்குக்குக் காணும். றிச் கேக்குக்குக் காணாது. ரவை, கஜு, பிளம்ஸ், சீனிப்பாகில் ஊறிய பூசணி தோசி எல்லாம் விழுந்த பிறகு அது சீமெந்துக் கலவை மாதிரி இருக்கும். பீற்றர் சூடேறி மணக்கும், பிறகு நின்றுவிடும். அப்படி எத்தனையோ பீற்றர் போய்விட்டது. கடைசியில் பெரிய அலுமினியப் பேசினைக் குசினி நிலத்தில் வைத்து, இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு, முழங்கைவரை கையை விட்டுப் பிசைவேன்.

வலது கை விரல்கள் உணர்ச்சி குறைந்து விறைக்கத் தொடங்கின. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுவதும். ஆஸ்பத்திரியில் டொக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு நெரிபடுகிறது, கையை ஆறவிடுங்கள் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். இந்த வேலையையே விடுவது நல்லது என்றார். அவருக்கென்று கொண்டுபோன கேக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் மெஷின் வாங்குகிற யோசனை வந்தது.

டவுனில் ஒரு கடையில் அது இருந்தது. இரும்புத் தலை, எஃகுச் சட்டி, மேசையில் வைத்தால் அசையாத பாரம். விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். அந்தக் காசுக்கு, ஓடக்கூடிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எடுக்கலாம் என்று கணவர் சொன்னார். மோட்டார் சைக்கிளில் கேக் அடிக்க ஏலுமா என்று கேட்டேன். அவர் பேப்பரை மறுபக்கம் திருப்பினார்.

மலிவான மெஷின்களும் இருந்தன. பக்கத்து வீட்டில் அப்படி ஒன்று இருந்தது, இரவல் வாங்கிப் பார்த்தேன். பட்டர் கேக்குக்கு ஒழுங்காகச் சுற்றியது. றிச் கேக் கலவையைப் போட்டதும் மேசையில் நடக்கத் தொடங்கியது. ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே பற்சக்கரம் பிளாஸ்டிக். அதை வாங்கினால் வருஷத்துக்கு ஒன்று வாங்க வேண்டிவரும், கையும் ஆறாது. விலை கூடியது வாங்கினால் ஒருமுறைதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் அந்த ஒருமுறைக்கு மனம் துணிய எனக்குப் பல மாதம் பிடித்தது. டவுனுக்குப் போகும்போதெல்லாம் கடைக்குள் போய் அதைத் தொட்டுப் பார்ப்பேன். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர்.

"தங்கச்சி, நீங்க வந்து வந்து பாத்து மெஷினுக்கே உங்கள நல்லாத் தெரிஞ்சு போச்சு. ஒரு நாளைக்கு உங்களுக்குப் பின்னால தானா வரும், பாருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாதாமாதம் கட்டிவந்த சீட்டு விழுந்ததும் வாங்குவது என்று முடிவெடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் கோல் எடுத்தபோது அதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"உனக்கென்ன விசரா? அங்க ஏன் காசைக் கொட்டுறாய்? நான் அனுப்புறன். இஞ்சத்தைய சாமான் மாதிரி அங்க கிடைக்குமே?" என்றார்.

அக்கா வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் வேண்டாம்தான். அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிச் செலவை அவர்தான் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்க அவர் விடவும் இல்லை. சீட்டு விழுந்தது, அந்தக் காசு குசினிக் கூரைத் தகட்டுக்குப் போனது. நான் பெட்டி வரும் என்று காத்திருந்தேன், கையால் பிசைந்துகொண்டு.

பெட்டி கப்பலில் வந்தது. உடுப்பு, சொக்லேட், சம்பூ, அவற்றின் நடுவே துவாயால் சுற்றிய மெஷின். சிவப்பு நிறம். பாவித்ததுதான், ஆனால் மினுங்கியது. பெட்டி உடைப்பதை வீடியோ கோலில் காட்ட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். நான் மெஷினைத் தூக்கிக் காட்டினேன். அங்கே எல்லோரும் கை தட்டினார்கள். கோல் முடிவதற்குள் அந்தப் படம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் வந்துவிட்டது. தங்கச்சிக்கு என் அன்புப் பரிசு என்று அக்கா எழுதியிருந்தார். லண்டன், சுவிஸ், ஒஸ்ரேலியா எல்லா இடத்திலிருந்தும் கும்பிடும் கைகளும் இதயங்களும் வந்து விழுந்தன.

அதன் பிறகுதான் கணவர் ஒரு அடப்டரைத் தேடி எடுத்து பிளக்கில் சொருகினார். மெஷின் உறுமியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு டப்பென்று ஒரு சத்தம், மயிர் கருகினது போல ஒரு மணம். நின்றது. இன்றுவரை நின்றுகொண்டே இருக்கிறது.

அக்கா அன்று பின்னேரம் மறுபடி எடுத்து, சுற்றுகிறதா என்று கேட்டார். போனை எடுத்தவர் கணவர்.

"ஓம் அக்கா, சோக்கா சுத்துது" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் செலவழித்து அனுப்பியவரிடம், வந்த அன்றே எரித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? பிழை எங்களுடையது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டர் திருத்துகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் பின்பக்கத்தைக் கழற்றி, மணந்து பார்த்து, மூடிவிட்டார். "இது அங்கத்தைய கறண்டுக்குச் செய்தது. எங்கட கறண்ட் அதுக்கு ரெண்டு மடங்கு. உள்ளுக்க மோட்டரின்ர கம்பிச்சுத்து எல்லாம் கருகிப்போச்சு. திருத்தினாலும் திரும்ப எரியும். வடிவான சாமான், ஹோல்ல வையுங்கோ."

ஹோலில்தான் வைத்தோம். ரீவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் மெஷின், அதன்மேல் ஒரு பின்னல் துணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கோல் எடுக்கும் நேரத்துக்குக் கணவர் துணியை எடுப்பார். கதைத்து முடிந்ததும் போடுவார். பெட்டியின் கார்ட்போர்ட்டை வெளியே போட்டிருந்தோம், இந்த ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரியும் மான்கள் வந்து தின்றுவிட்டன. அந்தப் பெட்டியால் பயன் அடைந்தவை அவைதான்.

பிறகு கலியாணம் வந்தது. சொந்தத்தில் ஒரு பெடியன், கனடாவில் வளர்ந்தவன், இங்கே வந்து கோயிலில் கைப்பிடிக்கப்போகிறான். எங்கள் கலியாணங்களில் வந்த சனத்துக்கு றிச் கேக் துண்டுகளைத் தாளில் சுற்றிக் கொடுப்பது வழக்கம். துண்டு கிடைக்காமல் ஒருவர் வீட்டுக்குப் போனால் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அக்கா என்னிடம் கேட்கவில்லை. குறூப்பில் எழுதினார்: கேக் முழுக்கத் தங்கச்சி செய்வாள், அது எங்கள் குடும்பத்தின் பரிசு, அவளிடம்தான் மெஷின் இருக்கிறதே, ஒரு கஷ்டமும் இல்லை.

மறுபடியும் கும்பிடும் கைகள் வந்தன.

ஏலாது என்று சொல்லச் சொல்லிக் கணவரிடம் கேட்டேன். எப்படிச் சொல்வது, மெஷின் இருக்கே என்றார். எந்த மெஷின் என்று கேட்டேன். அவர் ஹோலைப் பார்த்தார்.

பேசின் பேசினாகப் பிசைந்தேன். கணவர் பழங்களை வெட்டித் தந்தார், ஒரு பேசினைத் தானே பிசைவதாகச் சொல்லி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து கதிரையில் போய் இருந்து தன் கையை விரித்து விரித்துப் பார்த்தார். மிச்சத்தை நான் பிசைந்தேன்.

தட்டு ஒன்றை ஒவனில் இருந்து எடுத்து மேசையில் வைத்தபோது மணம் ஒன்று வந்தது. கேக் அடியில் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கேக் நன்றாக இருந்தது. பிடித்துணி விலகி, தட்டின் விளிம்பு என் இரண்டு விரல்களில் பட்டிருந்தது. தோல் வெள்ளையாகிப் பொங்கியிருந்தது. எனக்குச் சூடு தெரியவில்லை. தண்ணீரில் பிடித்தேன். தண்ணீரும் தெரியவில்லை.

"உமக்குச் சுடேல்லையா?" என்று கணவர் கேட்டார். இல்லை என்றேன். நான் அடுத்த தட்டை எடுத்தேன்.

கலியாணத்துக்கு அக்கா வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சாள், எங்கள் மாமாவின் மகள், வந்திருந்தார். உப்புவெளியில் தங்கியிருந்தவர் கலியாணம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியும் மிஞ்சின கேக்கும் வைத்தேன். அவர் வருகிறார் என்று கணவர் துணியை எடுத்து வைத்திருந்தார். மச்சாள் மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இதுக்குக் கறண்டைக் குறைக்கிற பாரமான பெட்டி ஒண்டு வேணுமே மச்சாள். அது எங்க வாங்கினனீங்கள்?"

எந்தப் பெட்டி என்று கேட்டேன்.

"நான் அப்பவே அக்காட்டச் சொன்னனான், சும்மா சொருகினா எரிஞ்சுபோகும் எண்டு. அவதான், பேஸ்மெண்டில கிடந்து இடத்தைப் பிடிக்குது, எனக்குப் புதுசு வந்திட்டுது, அனுப்பிவிடுவம், அவை எப்பிடியும் சமாளிப்பினம் எண்டவ." இன்னொரு துண்டு கேக்கை எடுத்தார். "நல்லாயிருக்கு மச்சாள். மெஷினில அடிச்சா அடிச்சதுதான்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அவர் போனதும் துணியை எடுத்து மெஷினை மூடினேன். இந்தமுறை நான் மூடினேன். கோபம் அதற்குப் பிறகு, மெல்ல, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இன்னும் போகவில்லை.

அடுத்த சீட்டில் விலை கூடிய மெஷினை வாங்கினேன். விலை முன்பு பார்த்ததைவிட ஏறியிருந்தது. கடைக்காரர் பகிடி விடவில்லை, என் விரல்களைப் பார்த்துவிட்டுத் தானே தூக்கி ஓட்டோவில் வைத்தார். வீட்டு வாசலில் கணவர் நின்றார். அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.

"சுத்துது எண்டு சொன்னது நீங்கள். நிண்டுட்டுது எண்டும் நீங்களே சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை.

பட்டரையும் சீனியையும் போட்டு மெஷினை ஓடவிட்டேன். கதிரையை இழுத்து அதன் முன்னால் இருந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பட்டர் வெள்ளையானது. றிச் கேக் கலவையைப் போட்டேன், மெஷின் அசையவில்லை. அந்த விலைக்கு அது பெறுமதியா என்று என்னிடம் பல பெண்கள் கேட்கிறார்கள். பெறுமதிதான். முதல்முறை தொட்டுப் பார்த்தபோதே வாங்கியிருந்தால் இன்னும் பெறுமதியாக இருந்திருக்கும். அந்த இரண்டு விரல்களில் உணர்ச்சி திரும்புமா என்று சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்கிறார். வேறு யாரும் அனுப்புகிறேன் என்றால் காத்திருக்காதீர்கள். இதுதான் நான் சொல்லக்கூடியது.

இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக் குறூப்பில் போட்டேன். சிவப்பு மெஷின் வந்த அன்றே எரிந்துவிட்டது, கலியாணக் கேக் முழுக்கக் கையால் பிசைந்தது, மற்ற மெஷின் நான் வாங்கியது என்று எழுதினேன். விரல்களின் படத்தையும் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலச் சரிக்குறிகள் காட்டின. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் காலையில் சுவிஸிலிருந்து ஒருவர் ரோசாப் பூவும் காலை வணக்கமும் போட்டார். அதற்குப் பதில் வணக்கங்கள் நிறைய வந்தன.

அக்கா என் கணவருக்குத் தனியாகக் கோல் எடுத்தார். இதை ஏன் எல்லோருக்கும் முன்னால் போட்டாள், தன்னிடம் சொல்லியிருக்கலாமே, அந்தப் படங்களை அழிக்கச் சொல்லுங்கள் என்றாராம். எரிந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். விரல்களைப் பற்றியும் கேட்கவில்லையாம்.

அக்கா, நான் அழிக்கமாட்டேன். பரிசு தந்ததை நீங்கள் குறூப்பில் போட்டீர்கள். என்னைக் கேட்காமல் கலியாணக் கேக்கை என் தலையில் வைத்ததும் குறூப்பில்தான். உங்களை வாழ்த்தியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள், மச்சாளும் இருக்கிறார். என் கணவருக்குக் கோல் எடுக்க வேண்டாம். எனக்கும் எடுக்க வேண்டாம். எரிந்துபோகும் என்று தெரிந்துதான் அனுப்பினீர்களா, இல்லையா? ஓம் என்றோ இல்லை என்றோ, அந்தக் குறூப்பிலேயே, எல்லோரும் வாசிக்க எழுதுங்கள்.