மணலில் ஓடிய மோட்டார்

கொட்டிவாக்கம் குப்பத்தில் எனக்கு ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். பங்கு என்றால் என்னவென்று கடற்கரைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிடித்து வந்த மீனை விற்றபின் படகுக்கு ஒரு பங்கு, மோட்டாருக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறிப்போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்று பிரிப்பார்கள். மோட்டாருக்குக்கூடப் பங்கு உண்டு. எனக்குத்தான் இல்லை. நான் படகு தள்ளுகிறவன், வலையிலிருந்து நண்டு கழற்றுகிறவன். அதற்குக் கூலி கொடுப்பார்கள், மனம் இருந்தால் கையில் கொஞ்சம் மீனும் கொடுப்பார்கள். பங்கு இருக்கிறவனைத்தான் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்றவனை ஆள் என்பார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு பனியன் கம்பெனி, லாரி, மங்களூர்ப் பக்கம் படகு ஷெட், குஜராத்தில் ஒரு துறைமுகம் என்று எங்கும் நிலைக்காமல் திரிந்தேன். எந்த ஊரும் என்னைத் துரத்தியதில்லை. எந்த ஊரும் இருக்கவும் சொன்னதில்லை. நாற்பது வயதுக்குமேல் முதன்முதலாக ஓரிடத்தில் இருந்துவிடலாம் என்று தோன்றியது இந்தக் குப்பத்தில்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கால் வலிக்க ஆரம்பித்திருந்தது.

நான் அதிகம் வேலை செய்தது ஒரு ஃபைபர் படகுக்கு. அதன் சொந்தக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து மயிலாப்பூர் போய் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பார். கோயிலைச் சுற்றி விற்க முடியாது. வாங்குகிறவர்கள் கொஞ்சம் தள்ளி வந்துதான் வாங்குவார்கள், அதுவும் பையை மூடிக்கொண்டு. அந்தப் படகில் மூன்றாவது ஆளாகப் போய்க்கொண்டிருந்தவன் சாப்பாட்டுப் பொட்டலம் டெலிவரி செய்ய பைக் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இடம் காலியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மோட்டார் படுத்தது. பழைய மோட்டார். அண்ணனுக்கு முன்பே இரண்டு கை மாறி வந்தது. இந்த மோட்டார்கள் கடல் தண்ணீரையே உறிஞ்சி, உடம்புக்குள் சுற்றவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சுற்றி முடித்த தண்ணீர் பின்பக்கம் ஒரு சிறு துளை வழியாகக் கம்பிபோல் பீய்ச்சி அடிக்கும். அது அடிக்கிற வரைக்கும் மோட்டார் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்று அது அடிக்கவில்லை. மோட்டார் கொதித்துப்போய் நடுக்கடலில் நின்றுவிட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் சிரிப்பு.

“இன்னா நைனா, உம் மோட்டாருக்கு நீர்க்கடுப்பா? ஒண்ணுக்கே போவ மாட்டேங்குது?”

“எளநீ வாங்கி ஊத்து, சரியாப்பூடும்.”

அண்ணன் மோட்டாரைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“ண்ணா, தண்ணி பம்புக்குள்ள ஒரு ரப்பர் இருக்கும். அது போயிருக்கும். கழட்டிப் பாத்தா தெரிஞ்சுடும்.”

“நீ இதெல்லாம் செஞ்சிகீறியா?”

“மங்களூர் ஷெட்ல கூட நின்னு செஞ்சிருக்கேன்.”

வாசலில் அக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தான். தி. நகரில் ஒரு துணிக்கடை வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை அவனுக்கு. வெயிலில் நிற்க முடியவில்லை என்று அந்த வேலையை விட்டுவிடும் யோசனையில் இருந்தான். காலியான மூன்றாவது இடத்தின்மேல் அவனுக்கும் கண்.

“நீ போவாத ஊரே இல்ல போலகீதே,” என்றான் என்னைப் பார்த்து. “ஒரு ஊர்லகூட உன்ன வெச்சிக்கலயா?”

அண்ணன் அவனைக் கவனிக்காதவர்போல என்னிடம் சொன்னார். “சரி செஞ்சி குடுப்பா. மூணாவது ஆளா நீயே ஏறிக்கோ. பங்குக்கு.”

அந்த வார்த்தையை அவர் வாயால், எல்லோரும் கேட்கச் சொன்னார். அக்காவும் கேட்டார். தம்பியும் கேட்டான்.

தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டுகிற விசிறிக்கு மேலே, கியர் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது அந்தப் பம்பு. கியர் பெட்டியைக் கழற்றினால்தான் அதைப் பார்க்கவே முடியும். உப்பு ஏறிய போல்ட்கள் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். தட்டினேன், மறுபடி ஊற்றினேன். ஒரு போல்ட் தலை வட்டமாகத் தேய்ந்துபோய், உளி வைத்துத் திருப்ப வேண்டியிருந்தது. கை கிழிந்தது. மறுநாள் பெட்டி கழன்று வந்தது. பம்பு மூடியைத் திறந்தேன். உள்ளே ரப்பர் சக்கரம் இருந்தது. அதன் இறக்கைகள் ஒரே பக்கமாக மடிந்து விறைத்துப்போயிருந்தன. இரண்டு இறக்கைகள் இல்லவே இல்லை.

இல்லாமல் போனவை எங்கே என்று தேட வேண்டும். புதிய சக்கரம் மட்டும் மாட்டிவிட்டு, பழைய துண்டுகளை உள்ளேயே விட்டால் அவை போய்க் குழாயை அடைக்கும். மேலே போகிற செம்புக் குழாயில் கம்பியை விட்டு நோண்டி இரண்டு துண்டுகளையும் எடுத்தேன். சக்கரத்தின்மேல் பொருத்திப் பார்த்தபோது சரியாக உட்கார்ந்தன. அப்படியொரு திருப்தியை நான் வெகுநாளாக அனுபவித்ததில்லை.

பழைய சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருவான்மியூரில் ரயில் ஏறிக் காசிமேட்டுப் பக்கம் போனேன். மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மோட்டார் இன்னும் உயிரோடவா கீது?” என்றார். பரணில் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தார். ஒரிஜினல் இல்லை, ஆனால் அளவு சரியாக இருந்தது.

மாட்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. சோப்புத் தண்ணீர் தடவி, தண்டைச் சுழலும் திசையிலேயே திருப்பிக்கொண்டே மூடியை அழுத்த வேண்டும். அப்போதுதான் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். பூட்டி முடித்து, நீல டிரம்மை மேலே அறுத்துத் தண்ணீர் நிரப்பி மோட்டாரை அதில் நிறுத்தினேன். அண்ணன் மோட்டாரைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். புகை வந்தது, சத்தம் வந்தது, பிறகு அந்தத் துளையிலிருந்து தண்ணீர் வந்தது. நேராக, தடிமனாக, சுவர்வரை அடித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்தினார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“நாளைக்கு விடிய வந்துடு,” என்றார் அண்ணன். “பூஜை போட்டுட்டு எறக்கிடலாம்.”

இங்கேதான் எல்லாம் கெட்டது.

பூஜை என்றால் தேங்காய், கற்பூரம், மஞ்சள் குங்குமம் என்று நினைத்தேன். அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. படுத்து எழுந்த மோட்டாரின் விசிறி முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்ட வேண்டும். தெருவில் புது வண்டிக்குச் சக்கரத்தடியில் பழம் வைப்பார்களே, அதுபோல. படகு மணலில் நிற்கும்போதே பின்பக்கம் குழி பறித்து, விசிறிக்கடியில் குங்குமம் தடவிய பழத்தை வைத்து, மோட்டாரை ஓடவிட்டு வெட்டவைப்பார்கள். பழம் இரண்டாக வேண்டும். அப்போதுதான் கண் கழியும்.

“அக்கா, மணல்ல ஓட்டக்கூடாது,” என்றேன். “அந்த ரப்பர் தண்ணியிலதான் ஓடணும். வெறும்ன ஓடுனா எரிஞ்சுடும். இடுப்புத் தண்ணிக்குக் கொண்டுபோய் அங்க பழத்த வெட்டலாம்.”

“தண்ணில வெட்டுனா பழம் எங்க போச்சின்னு தெரியுமா? எங்கப்பா காலத்துல இருந்து மணல்லதான் வெட்றோம்.”

“ஒரு நிமிசம் ஓடுனா இன்னா ஆயிடும்?” என்றான் தம்பி. “இவரு மாட்ன ரப்பரு அவ்ளோ நோஞ்சானா?”

அண்ணனைப் பார்த்தேன். அவர் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை இழுத்தார்கள். விசிறி பழத்தைத் தொட்டதும் அது வெட்டுப்படாமல் தெறித்து, மணலில் உருண்டு முழுசாகக் கிடந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது. நின்றிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்டாத பழம் நல்லதில்லையாம். இன்னொரு பழம் கொண்டுவரச் சொல்லி ஆள் போனது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தால் அதுவும் தடங்கலாம். நான் மறுபடி சொன்னேன். யாரும் திரும்பவில்லை. பழம் வந்ததும் தம்பி வேகப் பிடியை முழுக்கத் திருகினான். பழம் சிதறியது. குலவை போட்டார்கள். எல்லோரும் குழிக்குள் கிடந்த துண்டுகளைப் பார்த்தார்கள். எனக்கு மூக்கில் ரப்பர் கருகிய வாசனை ஏறியது.

மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைப் படகில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

ஏறினேன். அண்ணன், அவருடைய சித்தப்பா மகன், நான். அலை தாண்டியதும் துளையைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது, ஆனால் சொட்டுச் சொட்டாக. அண்ணனும் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்ததையும் பார்த்தார். “வரும், வரும்,” என்றார். கரை கோடாகத் தெரிகிற தூரத்தில் அதுவும் நின்றது. மோட்டார் முனகியது, சூடு எழுந்தது, உடனே அணைத்தோம். வலையை இறக்கவே இல்லை. வேறு படகு வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தோம். 

கரையில் அக்கா கூடையோடு நின்றிருந்தார். காலியான படகைப் பார்த்ததும் கூடையைத் தரையில் போட்டார்.

“இன்னாத்த மாட்டுன நீ?”

நான் அங்கேயே, மணலில் உட்கார்ந்து, மோட்டாரைக் கழற்றினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பெட்டியை இறக்கி மூடியைத் திறந்து அந்தச் சக்கரத்தை எடுத்து நீட்டினேன். இறக்கைகளின் நுனி உருகி, மூடியின் உட்சுவரில் கறுப்பாக ஒட்டியிருந்தது. நேற்று வாங்கியது.

“இது தேஞ்சது இல்ல, எரிஞ்சது,” என்றேன். “பாருங்க.”

அண்ணன் வாங்கிப் பார்த்தார். விரலால் நுனியைத் தடவினார், விரல் கறுப்பானது. அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருஷம் கடலில் கிடப்பவருக்கு எரிந்த ரப்பரும் தேய்ந்த ரப்பரும் தெரியாமலா போகும்?

தம்பி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். “டூப்ளிகேட் ரப்பரு. எங்கயோ பொறுக்கிக்கினு வந்துகிறான்.”

“அவன் காலு வெச்ச நேரம்,” என்றார் அக்கா. “மொதப் பழம் வெட்டாதப்பவே நெனச்சேன்.”

“நீங்க சொல்லுங்கண்ணா,” என்றேன்.

அவர் லுங்கியில் விரலைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் நான் படுக்கிற வலை ஷெட்டுக்கு அவரே வந்தார். பீடி ஒன்று கொடுத்தார்.

“நீ சொன்னதுதாம்பா. எனக்குத் தெர்தே.”

“அங்க சொல்லியிருக்கலாமே.”

“அங்க இன்னான்னு சொல்றது? அவ அப்பன் காலத்துப் பழக்கம். அவளும் அவ தம்பியும் நிக்கிறாங்க, ஊரே நிக்கிது. உன்னச் சொன்னா நீ தாங்கிப்ப. அவளச் சொன்னா நான் வூட்டுக்குப் போவணும்ல?” புகை விட்டார். “வேற ரப்பரு வாங்கியாந்துட்டேன். கொஞ்சம் மாட்டிக் குடுத்துடுப்பா.”

“அப்புறம் நான் ஏறலாமா?”

“மச்சான் வேலைய வுட்டுட்டான். அவனும் எங்க போவான், சொல்லு.”

மாட்டிக் கொடுத்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். மூடியின் உட்சுவரில் ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்டித் துடைத்துத்தான் மாட்டினேன்.

மறுநாள் பூஜையில் எனக்கு வேலையில்லை, தள்ளுகிறவர்களோடு நின்றேன். தம்பி புது லுங்கி கட்டிக்கொண்டு படகின் பின்பக்கம் நின்றான். யாரோ குழி பறிக்க மண்வெட்டி எடுத்து வந்தார்கள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான்.

“யோவ், மணல்ல ஓட்டக்கூடாது, உள்ள ரப்பரு எரிஞ்சிடும். தண்ணிக்குக் கொண்டாங்க.”

“கேட்டியா, எல்லாம் தெரிஞ்சி வெச்சிக்கினுகீறான்,” என்றாள் ஒரு பெண். அக்கா தலையாட்டினார். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்புத் தண்ணீரில் பழத்தை வெட்டினார்கள். துண்டுகள் மிதந்து வந்தன, எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தன. தம்பி ஏறி என் இடத்தில் உட்கார்ந்தான். “ஏய், தள்ளுங்கப்பா!” என்று கத்தினார்கள். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அலை மார்பில் அடித்தது, படகு கழன்று போனது. துளையிலிருந்து தண்ணீர் நேராக, தடிமனாக அடித்துக்கொண்டே போயிற்று.

அன்றே மூட்டையைக் கட்டிவிட்டேன். இப்போது மேற்கு மாம்பலத்தில் ஒரு மெஸ்ஸில் மாவு அரைக்கிறேன். இங்கே பங்கு கிடையாது, அது முதலிலேயே தெரியும். அந்த மோட்டார் ஓடுகிறதா என்று விசாரிக்கவில்லை. ஓடும். நான் சரியாகத்தான் மாட்டினேன்.