தானா ஆயிடுச்சு

சந்தைத் தெருவில் தையல் கடைக்கும் புத்தகக் கடைக்கும் நடுவே, அலமாரி அளவுக்கு ஒரு கடை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு விளக்கு. மூன்றாவது ஆள் உள்ளே வரவேண்டுமானால் இரண்டாவது ஆள் வெளியே போயாக வேண்டும். அந்த நாற்காலியில் பதினொரு வருஷமாக உட்கார்ந்து போன் ரிப்பேர் செய்கிறவளைத் தெருவே ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடும்.

கைராசிக்காரி, சந்தேகமில்லை. ஆனால் அவளிடம் போனைக் கொடுத்தால் போன் மட்டும் சரியாகித் திரும்பாது, கூடவே நாலு பேச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். போனைப் பற்றி அவளுக்கு இல்லாத அபிப்பிராயமே கிடையாது. பின்பக்கம் நாலு கேமரா வைத்த புது போனைப் பெருமையாக யாராவது நீட்டினால், “நாலு கண்ணு இருந்து என்ன, எடுக்கிறது அதே மூஞ்சியைத்தானே?” என்பாள். இடம் நிறைந்துபோய் திணறுகிற போனைத் திறந்து, யார் யாரோ அனுப்பின காலை வணக்கப் படங்கள் நாலாயிரம் கிடப்பதைக் காட்டி, “இத்தனை வணக்கத்தையும் வெச்சுக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க?” என்று கேட்பாள். அப்டேட் வந்த அன்றைக்கே போடுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பரிதாபம். “முதல்ல அடுத்தவன் போடட்டும். அவன் போன் உயிரோட இருந்தா நீங்க போடுங்க” என்பாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வருவது ஒரே ஒரு வாக்கியத்துக்கு. கடைக்கு வருகிற பத்தில் ஒன்பது பேர் அதைச் சொல்லித்தான் போனை மேசையில் வைப்பார்கள்.

“நான் ஒண்ணுமே பண்ணலம்மா, தானா ஆயிடுச்சு.”

“தானா எதுவும் ஆகாது” என்று டாக்டரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்ப்பாள். “போன் பொய் சொல்லாது. அதுல நடக்கிறது எல்லாம் யாரோ ஒருத்தர் விரல் பண்ணின வேலை. எந்த விரல்னு மட்டும் சொல்லுங்க.”

பக்கத்துக் கடைத் தையல்காரர் இதைக் கேட்டுக் கேட்டு, அவர் கடையில் சட்டை இறுக்கமாகிவிட்டது என்று யாராவது வந்தால், “தானா எதுவும் ஆகாது சார், யாரோ ஒருத்தர் வாய் பண்ணின வேலை” என்று சொல்லப் பழகியிருந்தார்.

அவளுடைய வேலை முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போனில் எதையாவது கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தால் வாடிக்கையாளர் போனைத் தொடமாட்டாள். தன் போனில் செய்து காட்டுவாள். அதைப் பார்த்து அவர்கள் தங்கள் போனில் தாங்களே செய்யவேண்டும். “நான் பண்ணிக் குடுத்தா நாளைக்கு மறுபடியும் வருவீங்க. உங்க விரல் பண்ணினாத்தான் உங்களுக்கு மறக்காது.” காட்டி முடித்ததும் தன் போனில் செய்ததையெல்லாம் பழையபடி மாற்றிவிடுவாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை இப்படி நடக்கும். ஒரு தடவையும் அவள் மறந்ததில்லை. ஏழு மாதத்துக்கு முந்தைய அந்த ஒரு நாளைத் தவிர.

அவளுக்கு ஒரு அக்கா. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை. அறுபது பெண்களை ஒரு பார்வையில் அடக்குகிறவள், போனிடம் மட்டும் தோற்றுப்போவாள். தினமும் பதினொரு மணிக்குத் தங்கச்சிக்கு ஒரு போன் வந்துவிடும். “ஏண்டி, சத்தமே வரமாட்டேங்குது.” “ஏண்டி, திரை திரும்பிக்கிச்சு, நான் தலையைச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்.” சந்தேகம் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கால் மணி நேரம் ஊர்க்கதை நடக்கும். அக்காவுக்குத் தட்டெழுதுவதெல்லாம் ஆகாது. வாயால் பேசினால்தான் பேச்சு.

அன்றைக்குக் கடையில் கூட்டம். அக்கா போனில், “ஏண்டி, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுச்சு. போன் மேல ஒட்டின கண்ணாடி வேற விரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை வரேன், மாத்திக் குடு” என்றாள். எழுத்தைப் பெரிதாக்குவதை அந்த மாதத்தில் மட்டும் நாலு தடவை சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

“என்னக்கா பண்ணினே?”

“நான் ஒண்ணுமே பண்ணலடி, தானா ஆயிடுச்சு.”

டாக்டரம்மாவுக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. “தானா எதுவும் ஆகாதுக்கா! எத்தனை தடவை சொல்றது? ஒண்ணாங்கிளாஸ் குழந்தைகூட ரெண்டாவது தடவையில புடிச்சுக்கும். எல்லாத்துக்கும் என்னையே கேட்டுக்கிட்டிருக்காம நீயே கத்துக்கோ!” என்று கடை முழுக்கக் கேட்கக் கத்திவிட்டாள். “சரி, வேலையைப் பாரு” என்று அக்கா வைத்துவிட்டாள்.

அடுத்து நின்றவர் ஓவிய டீச்சர். தண்ணீர் ஃபில்டர் விற்கிறவன் ஒருத்தன் வகுப்பு நடக்கும்போதெல்லாம் கூப்பிட்டு உயிரை எடுக்கிறான், அவனை எப்படி பிளாக் செய்வது என்று கேட்டார். டாக்டரம்மா வழக்கப்படி தன் போனை எடுத்தாள். “இங்க பாருங்க. வந்த அழைப்பு வரிசையில முதல் நம்பரை அழுத்திப் புடிங்க. பிளாக்னு வரும். அவ்வளவுதான்.” வரிசையில் முதல் நம்பர் அக்காவுடையது. எப்போதும் அதுதான் முதலில் இருக்கும்.

அதை மாற்றுவதற்குள் ஒருத்தர் சொட்டச் சொட்ட ஒரு போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பக்கெட்டில் விழுந்துவிட்டதாம். தண்ணீரில் விழுந்த போனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. டாக்டரம்மா தன் போனை அப்படியே மேசையில் போட்டுவிட்டுத் திருப்புளியை எடுத்தாள். அந்த போன் பிழைத்துக்கொண்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு அக்கா கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக அக்கா போனுக்குத் தோதான கண்ணாடி ஒன்றை எடுத்து மேசை டிராயரில் வைத்திருந்தாள். ஞாயிறும் வந்தது, போனது.

“நீயே ஒரு போன் போட்டா என்ன? நீதானே கத்தினே” என்றான் அவள் கணவன்.

“நான் ஏன் போடணும்? ஒரு வார்த்தை சொன்னதுக்கு இவ்வளவு ரோஷமா? வேணும்னா அவளே பண்ணுவா.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால். பகலில் அந்த வீறாப்பு தாங்கும். பதினொரு மணி ஆனால் மட்டும் தாங்காது. போனைத் திருப்பிப் பார்ப்பாள். அழைப்பு எதுவும் இல்லை என்று அது சொல்லும். போன் பொய் சொல்லாது என்பது அவள் வேதம் அல்லவா, நம்பினாள். அக்கா தன்னை வேண்டாமென்று முடிவு கட்டிவிட்டாள் என்று ஒரு மாதத்தில் உறுதியாகிவிட்டது. உறுதியான பிறகு கூப்பிடப் பயம் வந்துவிட்டது. எடுக்காமல் போனால் என்ன செய்வது? இப்படியே ஏழு மாதம்.

ஏழாவது மாதக் கடைசியில் ஓவிய டீச்சர் மறுபடியும் வந்தார், முகத்தில் அசட்டுச் சிரிப்போடு.

“அன்னிக்கு ஒருத்தனை பிளாக் பண்ணச் சொல்லிக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

“தண்ணி ஃபில்டர்காரன்.”

“ஆமா. இப்ப எங்க வீட்டுக்கு ஃபில்டர் வேணும்.”

தையல்காரர் அந்தப் பக்கம் இருந்தபடியே சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே தன் போனை எடுத்தாள். “பிளாக் பண்ணினதை எடுக்கிறதுக்கு வேற வழி. இங்க செட்டிங்ஸுக்குள்ள போங்க. இந்த வரியைத் தொடுங்க. நீங்க பிளாக் பண்ணின நம்பரெல்லாம் இங்க வரிசையா இருக்கும். என் போன்ல ஒண்ணும் இருக்காது, நான் யாரையும்…”

ஒன்று இருந்தது. ‘அக்கா’ என்று இருந்தது.

அதன் கீழேயே, அந்த நம்பரிலிருந்து வந்து தடுக்கப்பட்ட அழைப்புகள், தேதியோடு, நேரத்தோடு. டாக்டரம்மா விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. அறுபத்திரண்டு. முதல் அழைப்பு, அவள் கத்திய அதே நாள், சாயங்காலம் நாலு பத்து. ஆறு மணி நேரம்கூட அக்காவால் கோபமாக இருக்க முடியவில்லை. அந்த வாரம் தினமும் மூன்று தடவை. அப்புறம் பதினொரு மணிக்கு மட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கடைசியாக வந்து ஐந்து வாரம் ஆகிறது.

“என்னம்மா, கிடைக்கலையா?” என்றார் டீச்சர்.

டாக்டரம்மா வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்லிக் கொடுக்காமல் வாடிக்கையாளர் போனைக் கையில் வாங்கித் தானே செய்து கொடுத்தாள். அவர் போனதும் தடையை எடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. டிராயரில் கிடந்த கண்ணாடியையும் துடைக்கிற துணியையும் பையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டாள். யாருக்கு என்ன ஆச்சோ என்று தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

இரண்டு பஸ்ஸிலும் அவள் செய்த ஒரே காரியம், என்ன சொல்வது என்று யோசித்தது. ‘அக்கா, ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கும்போது…’ என்று எப்படி ஆரம்பித்தாலும், கடைசியில் அது அந்த வாக்கியத்தில்தான் போய் முட்டியது. நான் ஒண்ணுமே பண்ணலக்கா, தானா ஆயிடுச்சு.

விடுதி அலுவலக அறையில் அக்கா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “வா” என்றாள். ‘வாடி’ இல்லை.

டாக்டரம்மா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர், ஃபில்டர், பக்கெட்டில் விழுந்த போன், அறுபத்திரண்டு. போனையே நீட்டிக் காட்டினாள். அக்கா அதை வாங்கிப் பார்க்கவில்லை.

“முதல்ல நெட்வொர்க் சரியில்லைனு நினைச்சேன். ஒரே ஒரு ரிங் போகும், கட் ஆயிடும். இங்க ஒரு பொண்ணுகிட்ட போனைக் குடுத்து என்னன்னு பாருன்னேன். ‘மேடம், உங்களை பிளாக் பண்ணியிருக்காங்க’ன்னு நாலு பொண்ணுங்க எதிர்ல சொன்னா. என் தங்கச்சி அப்படிப் பண்ண மாட்டா, அவ பெரிய போன் டாக்டர்னு சொன்னேன். ‘அப்ப தெரிஞ்சுதான் மேடம் பண்ணியிருப்பாங்க’ன்னா.” அக்கா பேனாவை மூடினாள். “நீயே சொல்லு. போன்ல தானா எதுவும் ஆகாதுன்னு ஊருக்கே சொல்றவ நீ. உனக்கே தெரியாம ஆயிடுச்சுன்னா யாருடி நம்புவா?”

‘டி’ வந்துவிட்டது. ஆனால் அதில் சந்தோஷப்பட இடமில்லை.

“சத்தியமா தெரியாதுக்கா.”

“சரி, தெரியாது. நம்பிட்டேன். என் போன் உனக்கு வராமப் போச்சு. உன் போன் எனக்கு வருமில்ல? அதை யாரும் தடுக்கலையே. இந்த ஏழு மாசத்துல ஒரு தடவையாவது போட்டியா?”

பிளாக் ஆனது கைத்தவறு. கூப்பிடாமல் இருந்தது கைத்தவறு இல்லை. இத்தனை வருஷம் எல்லாரையும் எந்த விரல் எந்த விரல் என்று கேட்டவளுக்கு, தன் விரல் சும்மா கிடந்த கணக்கு அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“போடலக்கா” என்றாள். “நீயே பண்ணுவேன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் பயமா இருந்துச்சு.”

அக்கா எதிரே இருந்த நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். தங்கச்சி உட்கார்ந்தாள். மேசைமேல் அக்காவின் போன் கிடந்தது. பழக்கதோஷம், கை தானாக அதை எடுத்தது. எழுத்து பெரிதாக, கச்சிதமாக இருந்தது. சத்தம் சரியாக இருந்தது. தேவையில்லாத படம் ஒன்றுகூட இல்லை. சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

“எல்லாம் நானே கத்துக்கிட்டேன். நீதானே சொன்னே” என்றாள் அக்கா.

பாராட்ட வேண்டிய விஷயம்தான். டாக்டரம்மாவுக்கோ யாரோ தன் வீட்டைக் காலி செய்துவிட்ட மாதிரி இருந்தது. போனைத் திருப்பினாள். மேலே ஒட்டியிருந்த கண்ணாடி மட்டும் அந்த மூலையிலிருந்து இந்த மூலை வரை விரிந்து கிடந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய அதே விரிசல்.

“வாசல்லயே போன் கடை இருக்கே. இதை மாத்தலையா?”

“மாத்தல.”

“ஏன்?”

“சும்மாதான்.”

டாக்டரம்மா பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். பழையதைப் பிய்த்து, திரையைத் துணியால் துடைத்து, தூசியை ஒட்டுத்தாளால் ஒற்றி எடுத்தாள். புதுக் கண்ணாடியைப் போடும் அந்த மூன்று வினாடி அவள் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பதினொரு வருஷத்தில் தன் கையால் ஒட்டிய கண்ணாடியில் ஒரு குமிழ் விழுந்ததில்லை என்பது அவள் பீற்றிக்கொள்ளும் விஷயம். இன்றைக்கு மூச்சு நிற்கவில்லை. அழுத மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். கண்ணாடி படிந்தபோது வலது மூலையில் பட்டாணி அளவுக்கு ஒரு குமிழ் உட்கார்ந்துகொண்டது. விரலால் தள்ளினாள். அது போகவில்லை.

“ஐயோ, எப்படி வந்துச்சுன்னே தெரியலக்கா. கழட்டிட்டு வேற போடறேன். கடையில இன்னொண்ணு இருக்கு, நாளைக்குக் கொண்டுவரேன்.”

அக்கா போனை வாங்கி, கையை நீட்டித் தூரமாக வைத்துக்கொண்டு அந்தக் குமிழைப் பார்த்தாள்.

“நாளைக்கு வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. ஞாயித்துக்கிழமை வா” என்றாள். “வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வா.”