பாட்டில் அண்ணனும் மூன்றாவது புகாரும்

எங்கள் சர்வீஸ் சென்டரில் அவரை எல்லோரும் பாட்டில் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, காலையில் அவர் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பார்கள். மனுஷன் சொட்டுகூடத் தொடமாட்டார். அவர் பாட்டிலில் இருப்பது பெட்ரோல்.

வண்டி மைலேஜ் கொடுக்கவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் அவரைத்தான் அழைப்பார்கள். வண்டி டேங்கின் குழாயை மூடிவிட்டு, கோடு போட்ட பாட்டில் ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டி, அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு டியூப் கொடுப்பார். வண்டிக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாட்டில் காலியாகி வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டுவார். எவ்வளவு தூரம் ஓடியதோ அதுதான் பதில். முதல் புகாருக்குக் கால் லிட்டர், இரண்டாவது புகாருக்கு அரை, மூன்றாவதுக்கு முழு லிட்டர். அதற்குப் பிறகும் வண்டிக்காரர் திருப்தி என்று எழுதிக் கொடுக்காவிட்டால் விஷயம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே போனால் டெஸ்ட் ஓட்டியவருக்குச் சீட்டுக் கிழிந்த மாதிரிதான். இவருக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்.

அதனாலோ என்னவோ, தன் நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிற ஆளாக அண்ணன் ஆகிவிட்டார். டீ வாங்கினால் டம்ளரைத் தூக்கி அளவு பார்ப்பார். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கொண்டுவந்தவர் முகத்தையும் பார்ப்பார். அவர் மனைவி யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒருநாள் என் கவுண்டருக்கு வந்தபோது அந்த அண்ணி சொன்னார்: "நான் சிரிச்சா ஏன் சிரிக்கிறேன்னு கேப்பாரு. சிரிக்கலன்னா என்னத்த மறைக்கிறேன்னு கேப்பாரு. பழகிடுச்சு." நான் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். என்னிடம் ஒரு போல்ட் வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நகரமாட்டார். அப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் ரோட்டில் அவர் வேறு ஆள். ஊருக்குள் சுருங்கியே இருக்கிற முகம், நெடுஞ்சாலை ஏறியதும் தளர்ந்துவிடும். ஒரே வேகம், முறுக்கவும் மாட்டார், சும்மா சும்மா பிரேக்கையும் தொடமாட்டார். முன்னால் லாரி போனால் தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவார். தூரம் கூடக்கூடத்தான் இன்ஜின் மனசு விட்டு ஓடும் என்பார். சிக்னலுக்கு சிக்னல் நிறுத்தி ஓட்டுகிறவனுக்கு எந்த வண்டியும் மைலேஜ் கொடுக்காது, கம்பெனியைத் திட்டி என்ன பிரயோஜனம் என்பார். இதையெல்லாம் அவர் சொல்லும்போது மட்டும் குரலில் சந்தேகமே இருக்காது.

இப்படிப்பட்டவரிடம்தான் கண்ணாடிக்கடைக்காரர் வந்து மாட்டினார். இல்லை, இவர் அவரிடம் மாட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி விற்கிற கடை, நல்ல வியாபாரம். தும்பைப்பூ மாதிரி சட்டை, முழுக்கை. இடது கையை எப்போதும் பேண்ட் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். முதல் தடவை வந்து, மைலேஜ் குறைகிறது என்று மெதுவான குரலில் சொன்னார். கால் லிட்டர் ஓட்டினார்கள். வண்டி நன்றாகவே ஓடியது. தலையாட்டிவிட்டுப் போனவர், அடுத்த மாதமே இரண்டாவது புகார் கொடுத்தார். அரை லிட்டர். அதிலும் குறை இல்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று போனவர், கொஞ்ச நாளில் மூன்றாவது புகாரோடு வந்து நின்றார்.

அன்றைக்கு அண்ணன் என் கவுண்டர்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, அந்த வண்டி மீட்டரைப் பாத்தியா?"

"ஏன்ணே?"

"போன டெஸ்ட் முடிச்சு நான் நிறுத்தினப்ப என்ன நம்பர் இருந்துச்சோ, அதே நம்பர். இங்கேர்ந்து அவர் வீட்டுக்குப் போய் வந்த தூரம் மட்டும்தான் கூட. அதுவும் நம்ம ஆளுதான் ஓட்டிட்டுப் போய் விட்டு, நம்ம ஆளுதான் எடுத்துட்டு வந்தான். ஓட்டவே ஓட்டாத வண்டிக்கு மைலேஜ் குறையுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் சுருக்கென்றது. நியாயமான கேள்வி.

"அந்தக் கை ஏன் பாக்கெட்ட விட்டு வெளியவே வரல?" என்றார் அடுத்து. "உள்ள போன் இருக்கு. நான் பேசறதையெல்லாம் பதிவு பண்றாரு. தலைமை ஆபீஸ் அனுப்பின ஆளு. என்னைத் தூக்கறதுக்கு ஏற்பாடு நடக்குது."

பொதுவாக அவர் சந்தேகங்களை நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவேன். இதை அப்படி விட முடியவில்லை. ஏனென்றால் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மேனேஜர் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசியிருந்தார். முழு லிட்டர் டெஸ்ட் என்றால் வழியில் உதவிக்கு இன்னொரு வண்டி கூடப் போக வேண்டும். இந்தத் தடவை மெக்கானிக் வேண்டாம், நீங்களே ஸ்கூட்டரில் போங்கள் என்றார். "பாட்டில்ல ஏதாவது தில்லுமுல்லு பண்றாரான்னு பாத்துட்டு வந்து எனக்கு மட்டும் சொல்லுங்க. இவர் டெஸ்ட்ல மட்டும் எல்லா வண்டியும் எப்படி ஜோரா ஓடுது?" என்று குரலைத் தாழ்த்தினார். என்னிடம் அண்ணனைக் கவனிக்கச் சொன்ன மனுஷன், அண்ணனிடம் என்னைக் கவனிக்கச் சொல்லியிருக்கமாட்டார் என்பது என்ன நிச்சயம்? எங்கள் சென்டரில் அப்படித்தான். ஆளுக்கு ஆள் முதுகில் கண் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம்.

ஆக மூன்று பேர் கிளம்பினோம், மூன்று பேருக்கும் மற்ற இருவர்மேலும் நம்பிக்கை இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் ஹெல்மெட்டை ஒற்றைக் கையால் மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். அண்ணன் பாட்டிலை அவர் கண்ணெதிரில் கோடுவரை நிரப்பி, எனக்கும் காட்டி, வாட்ச்மேனுக்கும் காட்டிவிட்டு மாட்டினார். நான் ஸ்கூட்டரில் பெட்ரோல் கேனை வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன்.

ஊர் கடந்ததும் ரோடு அகலமாகிவிட்டது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாட்டிலையே பார்த்துக்கொண்டு போனேன். தில்லுமுல்லு எதுவும் தெரியவில்லை. தெரிந்தது வேறு. பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வயல், செங்கல் சூளை, தண்ணீர்த் தொட்டி, ரயில் பாதை என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலை திரும்பிக்கொண்டே இருந்தது. உளவு பார்க்க வந்த ஆள் பாட்டிலையல்லவா பார்க்க வேண்டும். இவர் ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் சந்தேகம்தான் வலுத்தது.

பாதிப் பாட்டில் தீர்கிற இடத்தில் ஆற்றுப் பாலம் ஒன்று வரும். அங்கே திரும்பினால்தான் மீதியில் சென்டருக்குப் போய்ச் சேர முடியும். பாலத்துக்கு முன்னால் அண்ணன் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார்.

"சார், இனிமே நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"நானா? நீங்கதானே ஓட்டணும்?"

"மூணாவது புகார்ல ஓனரும் பாதி ஓட்டணும். ரூல்."

அப்படி ஒரு ரூல் கிடையவே கிடையாது. கண்ணாடிக்கடைக்காரர் ஓட்டுகிற லட்சணத்துக்கு என்னைச் சாட்சி வைத்து, குறை வண்டியில் இல்லை என்று தப்பித்துக்கொள்ளலாம் என அண்ணன் கணக்குப் போட்டுவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்ரோல் கேனைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, முதன்முறையாக அந்தக் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார்.

அதில் போனும் இல்லை, ஒன்றும் இல்லை. விரல்கள் மெலிந்து உள்ளே மடங்கியிருந்தன. அதை வலது கையால் தூக்கி கிளச்மேல் வைத்தார், ஒவ்வொரு விரலாக. பிறகு அழுத்தப் பார்த்தார். நாங்கள் சுதாரிப்பதற்குள் கியர் விழுந்து, வண்டி ஒரு குதி குதித்து, அவரோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. பாட்டில் தரையில் மோதி விரிசல் விட்டு, பெட்ரோல் முழுக்க மண்ணுக்குள் இறங்கியது.

அவரைத் தூக்கி மைல்கல்மேல் உட்கார வைத்தோம். அடி எதுவும் இல்லை. அண்ணன் காலிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் கெட்ட டெஸ்ட், திருப்தி இல்லாத மூன்றாவது புகார். வேலை போய்விட்டது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"என் மேலதான் தப்பு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "கை நரம்பு செத்துப்போச்சு. போன வருஷத்துலேர்ந்து வண்டி தொடலை. வீட்டுல பையனுக்கு இத வித்துடணும்னு ஒரே பேச்சு. அடுத்த வாரம் வாங்கறதுக்கு ஆள் வரான். முதல் தடவை சும்மா ஒரு சாக்குக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். என் வண்டியில நானே பின்னாடி உக்காந்து கொஞ்ச தூரம் போகலாமேன்னு. ரெண்டாவது புகார் குடுத்தா இன்னும் தூரம்னாங்க. மூணாவதுன்னா முழு லிட்டர்னாங்க."

"பையனைக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே சார்," என்றேன்.

"அவன் கார்ல ஏறுப்பாங்கறான். அவனுக்குச் சொன்னா புரியாதும்மா."

டெஸ்ட் சீட்டை அவரே கேட்டு வாங்கினார். நிமிர்த்தி வைத்த வண்டியின் இருக்கைமேல் வைத்து எழுதப் போனபோது தாள் காற்றில் பறக்கப் பார்த்தது. பிடிக்க அவருக்கு இன்னொரு கை இல்லை. அண்ணன் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். புகார் இல்லை, முழுத் திருப்தி என்று கண்ணாடிக்கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். அந்த நேரத்திலும் படித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்து பட்டன் போட்டார். அவர் வேலை பிழைத்தது.

டேங்கின் குழாயைத் திறந்து டியூபை மாட்டிவிட்டு, "ஏறுங்க சார்" என்றார். கண்ணாடிக்கடைக்காரர் ஏறினார். வண்டி திரும்பவில்லை. பாலத்தைப் பார்த்து மெல்ல உருண்டது.

"சென்டர் அந்தப் பக்கம்தானே?" கண்ணாடிக்கடைக்காரர் குரல் மாறிவிட்டது. "நில்லுங்க. என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்க? அதான் எழுதிக் குடுத்துட்டேனே. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அண்ணன் பிரேக் போட்டார். ஊரையே சந்தேகப்பட்டவரை இப்போது ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"எனக்குன்னு வண்டி கிடையாது சார். பஸ்லதான் வரேன், பஸ்லதான் போறேன். இத்தனை வருஷமா அடுத்தவங்க வண்டியில இந்தப் பாலம் வரைக்கும் வந்திருக்கேன். பாதி பாட்டில் ஆனா திரும்பிடணும். ரோடு அந்தப் பக்கம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது."

கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். பிறகு வலது கையை அண்ணன் தோளில் வைத்தார். "டேங்க்ல நிறைய இருக்கு," என்றார். "ஓட்டாத வண்டிதானே."

பாலத்தின் மறு கோடியில் அவர்கள் சின்னதாகிக்கொண்டு போனபோது என் போன் அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா, டெஸ்ட் முடிஞ்சுதா இல்லையா? இந்நேரம் பாட்டில் காலியாகியிருக்கணுமே?"

"இன்னும் ஓடிட்டுதான் இருக்கு சார்."

"ஒரு லிட்டர்லயா? எப்படி?"

"நல்ல வண்டி சார்," என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை அவர்கள் பின்னாலேயே பாலத்தில் ஏற்றினேன்.