பதினைந்தில் இரண்டு

கோர்படியில் ரயில் பாதையை ஒட்டிய அந்த வீட்டுக்குக் குழாய் ஒன்றுதான். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ஜெகதீசன் உயிரோடு இருந்தவரை அதில் பாதி அவன் மனைவி பட்டுவின் அடுப்புக்கு, மறுபாதி அண்ணன் சுப்ரமணியனின் அடுப்புக்கு. சாகண் சாலையில் லாரி அடித்து ஜெகதீசன் போனான். காரியம் முடிந்த மறுநாள் சுப்ரமணியன் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே அடுப்புக் கணக்கு கிடையாது. தலைக் கணக்கு."

அவர், மனைவி பார்வதி, மகன், மருமகள், அப்பா கந்தசாமி, பட்டு. ஆறு தலை.

"உனக்கு ஆறுல ஒண்ணு. பத்து நிமிஷம். ஒத்த ஆளுக்கு அது தாராளம்."

"மாவு அரைக்கணுமே அத்தான். அரிசி களையணும், கிரைண்டர் கழுவணும்."

"கிரைண்டருக்குத் தலை இருக்கா?"

வானவடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த கம்ப்யூட்டர் பையன்களுக்குப் பட்டு இட்லி மாவு கொடுத்துவந்தாள். அது நின்றால் தனி அடுப்பு அணையும். அணைந்தால் பார்வதியின் அடுப்படிதான். எல்லோருக்கும் வடித்துப் போட்டு, மிஞ்சியதைக் கடைசியில் தின்பது. பார்வதி அதற்குத்தான் காத்திருந்தாள். தன் இடுப்பு வலியைச் சொல்லும்போதெல்லாம் பட்டுவின் கைகளைப் பார்த்தாள்.

மருமகளுக்குக் குழந்தை பிறந்தது. தலை ஏழாகிவிடுமே என்று பட்டு முந்திக்கொண்டாள்.

"பஸ்ஸுல பிள்ளைக்கு அரை டிக்கெட்தான அத்தான். இங்கயும் அரைத் தலை போடுங்க."

சுப்ரமணியன் ரசித்துச் சிரித்தார். கன்டோன்மென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர்.

"அரையெல்லாம் தெரியுமா உனக்கு? பேஷ். பிள்ளையோட பீத்துணி எந்தத் தண்ணில அலசுறது? அதுக்கு ஒண்ணரைத் தலை. ஆக ஏழரை."

"ஏழரை நம்ம வீட்டுக்கு வந்து நாளாச்சு" என்றாள் பார்வதி, பட்டுவைப் பார்த்து.

"பங்கு போடையில கீழ அரை நிக்கக்கூடாது. மேலயும் கீழயும் ரெண்டால பெருக்கணும். உனக்குப் பதினஞ்சுல ரெண்டு."

ஒன்று இரண்டாகிவிட்டது என்று பட்டு நினைத்தாள். "நல்லாருப்பீங்க அத்தான்" என்றுகூடச் சொன்னாள். மறுநாள் எட்டாவது நிமிஷம் பார்வதி அவள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் ட்யூபைச் சொருகியபோதுதான் புரிந்தது. அன்று முழுக்க அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பட்டு சிரிக்காமல் யோசித்தாள். கந்தசாமி வாதம் வந்து பின்னறையில் கிடந்தார். நாக்கு குழறும். பீயும் மூத்திரமும் படுக்கையில்தான்.

"மாமாவை நான் பாத்துக்கிடுதேன். அவர் தலையை என் பக்கம் போடுங்க."

பார்வதி கணவரைக் கேட்கவே இல்லை. உடனே கிழவரின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டுவந்து பட்டுவின் அறையில் போட்டாள். பதினைந்தில் நான்கு. பதினாறு நிமிஷம். இந்த முறை பட்டு விரல்விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் சில நாள் அவரைக் குளிப்பாட்டினாள். பிறகு ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு யாராவது பார்க்க வந்தால் முகத்தை மட்டும். அவர் தண்ணீர் அரிசிக்குப் போயிற்று. மாவு கூடியது. "தண்ணி" என்று குழறுவார். அரை டம்ளர் கொடுப்பாள். குடித்தால் நனைப்பார், நனைத்தால் அலச வேண்டும். அரை டம்ளர் கால் டம்ளர் ஆயிற்று.

ஆனால் சாகவிடவில்லை. கிழவர் போனால் மிச்சம் ஆறரைத் தலை. தன் பங்கு பதிமூன்றில் இரண்டு. இந்தப் பெருக்கலை அவளே செய்து வைத்திருந்தாள். ஒன்பது நிமிஷம், கொஞ்சம் கூட. அதில் மாவு ஓடாது. ஆகவே வாயைப் பிளந்து கஞ்சியைக் கரண்டி கரண்டியாக இறக்கினாள். "மாமனாரை எப்படித் தாங்குதா பாரு" என்றார்கள் தெருவில்.

கோடை தொடங்கியதும் ஒரு விடியற்காலையில் கந்தசாமி செத்துப்போனார். குழாயில் பட்டுவின் நேரம் வந்ததும் உடலை முற்றத்து பெஞ்சில் கிடத்தினார்கள்.

"அவர் தலை உன் பக்கம்தான? உன் தண்ணியிலேயே குளிப்பாட்டு" என்றார் சுப்ரமணியன்.

போர்வையை எடுத்தார்கள். முதல் குடத்துக்குக் கழுத்து மடிப்பிலிருந்தும் அக்குளிலிருந்தும் கறுப்பாக வழிந்தது. புரட்டியபோது முதுகுப் புண்ணோடு துணி ஒட்டிக்கொண்டு வந்தது. சுற்றி நின்ற பெண்களின் ஒப்பாரி நின்றுபோயிற்று.

பார்வதி இத்தனை மாதமாக அந்த அறை வாசலை மிதித்தவளில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்துக்கிடுதேன்னு வாங்கிட்டுப் போனா" என்றாள், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "மனுசனை அழுக வச்சிருக்கா."

பட்டு அடுத்த குடத்தைத் தூக்கினாள். சுப்ரமணியன் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உனக்கு இனி தனித் தலை கிடையாது" என்றார். "இன்னிக்கே அடுப்பை எடுத்துடு. எங்களோட சேந்துக்க."

"அரிசி ஊறப்போட்டிருக்கேன் அத்தான்."

"நல்லதாப் போச்சு" என்றாள் பார்வதி. "தூக்கினதும் வந்தவங்களுக்கு அதையே வடிச்சிரு."