ராஹிலா ராத்தா பேசியதில் நான் வெட்டியது

ஒரு பெண் என்னை நம்பிச் சொன்ன உண்மையை நான் வெட்டி எறிந்தேன். அதை மலைநாட்டு ஆட்களிடம் சேர்ப்பித்துவிட்டதாக அவரிடமே பொய்யும் சொன்னேன்.

பயத்தால் செய்தேன் என்றால் நீங்கள் மன்னித்துவிடக் கூடும். ஆனால் எனக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை. பெருமை இருந்தது... இன்றும் இருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள். இப்போது பதுளையில் கணித ஆசிரியை. விடுமுறை நாட்களில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. கடலைக் காக்கப் பாடுபடுகிறவர்களோடு பேசி, அதைப் பதிவு செய்து, இணையத்தில் போடுகிறேன். ஆமை முட்டைகளுக்குக் காவல் கிடப்பவர்கள், கடலடியில் சிக்கிய அறுந்த வலைகளை மூழ்கி எடுப்பவர்கள், செத்த பாறையில் புதுப் பவளத்தை ஒட்டி வளர்ப்பவர்கள் என்று பலரோடு பேசியிருக்கிறேன். மலையில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேலி செய்யாத ஆளில்லை. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

ஆனாலும் எங்கள் ஆட்கள் கேட்டார்கள்! ஹல்துமுல்லையில் கேட்டார்கள். பெரகலச் சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் என் குரல் ஓடிக்கொண்டிருந்ததை நானே பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கேட்டேன். நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கால்களை நீட்டி உட்கார்ந்து, பவளப்பாறை எப்படி வளர்கிறது என்று கேட்கிறவர்கள் எங்கள் பெண்கள். தோட்டத்து ஆட்களுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது என்று சொன்னவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அப்பா ஒரு பேச்சையும் தவறவிட்டதில்லை. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கைப்பேசியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார்.

அவர் தோட்டத்தில் புல்வெட்டுகிறவர். அவருடைய கருவியின் பெயர் சுரண்டி. தேயிலைக்கு நடுவே முளைக்கும் புல்லை அதைக் கொண்டு வேரோடு சீவி எடுத்துவிடலாம். அப்பா இறங்கிய மலையில் ஒரு புல் மிச்சமிருக்காது. சிவந்த மண் பளிச்சென்று தெரியும். ஒரு காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அப்பா அதை இன்றும் சொல்வார்.

"நான் சொரண்டுன மலையில மூஞ்சி பாக்கலாம், புள்ள."

தோட்ட நிர்வாகம் சுரண்டத்தான் வேண்டும் என்று சொல்வதில்லை. கத்தியால் வெட்டிவிட்டாலே போதும். சுரண்டுவது எங்கள் ஆட்களின் கௌரவம். அப்பாவைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு சுரண்டினார்கள்.

உங்கள் அப்பாவை ஊர் முன்னால் யாராவது பாராட்டியிருக்கிறார்களா? எங்கள் லயத்தில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அந்த ஒரு பாராட்டைச் சொல்லிச் சொல்லித்தான் நான் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ராஹிலா ராத்தா மூதூர்க்காரர்; அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். மகாவலி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அழிந்துபோன கண்டல் காட்டை ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் நட்டு வளர்க்கிறார். கண்டல் மரங்களின் வேர்களுக்குள்தான் இறாலும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அந்தக் காடு போனால் மீனும் போகும், கரையும் போகும். சேற்றில் முழங்கால் புதைய நின்றுகொண்டே என்னோடு பேசினார். நட்டது பிழைக்க என்ன இடைஞ்சல் என்று கேட்டேன்.

"மண்தான் தங்கச்சி. ஆத்துல மண் அள்ளுற ஆக்கள் கரையெல்லாம் இடிச்சிப் போட்டாங்க, அது ஒண்டு. மத்தது..." என்று இழுத்துவிட்டுச் சிரித்தார். "கோவிக்கப்படா. உங்கட மலையில இருந்து வாற மண். பதுளை ஓயா ஆறு மகாவலியிலதானே வந்து சேருது. தேயிலைக்கு நடுவுல புல்லச் சுரண்டி மொட்டையாக்கிப் போட்டா, மழை அவ்வளவையும் கழுவிக் கொண்டு வந்திரும். நாங்க நட்ட கண்டெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகுது."

அவர் தொடர்ந்தார்.

"மாரிக்கு முன்னுக்குச் சுரண்ட வேணாம் எண்டு சொல்லுங்க தங்கச்சி. புல்ல வெட்டி மட்டும் விடட்டும். வேர் கிடந்தா மண் நிக்கும். நாங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க. நீங்க அவங்கட புள்ள."

அவர் சொன்னது சரி. என்னைத் தவிர அதை மலையில் சொல்ல யார் இருந்தார்கள்?

வீட்டுக்கு வந்து பதிவைத் திருத்த உட்கார்ந்தேன். ஆற்றில் மண் அள்ளுகிறவர்களைப் பற்றிய பகுதியை வைத்துக்கொண்டேன். மலையைப் பற்றிய பகுதியை நீக்கினேன். ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரண்டு காரணங்களில் ஒன்றின்மேல் மட்டும் பழி போட்டு, மற்றதை விடுவித்தேன். விடுவிக்கப்பட்டவர் என் அப்பா.

அப்போது எனக்குள் என்ன ஓடியது என்றா கேட்கிறீர்கள்? களவாகப் படகேறி வந்தவர்கள் என்ற பொருளில், கள்ளத்தோணி என்று எங்களை வைதார்கள். கடலோடு எங்களுக்கு இருந்த ஒரே உறவு நெடுங்காலம் அந்த வசைதான். இப்போது கடலைக் கெடுத்ததும் இவர்கள்தான் என்று என் வாயாலேயே சொல்வதா... அதையும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பதா! என்னால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்வதும் பொய். எனக்கு மனம் வரவில்லை.

பேச்சு வெளியானது. அப்பா கேட்டுவிட்டு, "மண்ணு அள்ளுற பயலுக உருப்படுவானுகளா?" என்று திட்டினார். நான் தலையாட்டினேன்.

மாரி வந்தது. எங்கள் லயத்துக்கு மேலே வழக்கம்போல மொட்டையாக நின்ற மலையில் மழை இறங்கி, ஓடையெல்லாம் சிவப்பாக ஓடியது. மழை ஓய்ந்தபின் ராஹிலா ராத்தாவின் குரல் என் கைப்பேசிக்கு வந்தது.

"முன்வரிசைக் கண்டெல்லாம் மண் மூடிப் போயிற்று, தங்கச்சி. பரவால்ல, திருப்பி நடுவம். மலையில ஆக்கள் என்ன சொன்னாங்க?"

"கேட்டுக்கிட்டாங்க ராத்தா. கொஞ்சம் கொஞ்சமா மாறுவாங்க" என்று பதில் அனுப்பினேன்.

அடுத்த விடுமுறையில் அப்பா தானும் மூதூருக்கு வருவதாகச் சொன்னார். அவர் கடலைப் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. புறப்படும்போது பையில் துணி சுற்றிய ஏதோ ஒன்றை வைத்தார். என்னவென்று கேட்டதற்கு, "வெறுங்கையோடயா போறது?" என்றார்.

அன்றிரவு ராஹிலா ராத்தாவின் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை தேநீர் குடித்துவிட்டு, அவரும் நானும் கண்டல் நட்ட இடத்துக்குப் போனோம். அப்பா வழி விசாரித்துக்கொண்டு எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தார். கன்றுகளுக்கு மேலே இருந்த கரைமேட்டில் ஒரு புல் இல்லை. மேட்டு மண்ணைப் பிடித்துவைக்க அந்தப் பெண்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த புல் முழுவதும் வேரோடு ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்த சுரண்டியைப் பிடித்துக்கொண்டு, வேர்வை வழிய, அப்பா சிரித்தபடி நின்றார்.

ராஹிலா ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"அப்பாக்கு நீங்க சொல்லல்லியா?"

அவ்வளவுதான் கேட்டார், அதுவும் தாழ்ந்த குரலில். நான் குவிந்து கிடந்த புல்லைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவிடம் நடந்தார்.

"ஐயா, ஒரு புல்லு மிச்சமில்ல. இப்படி ஒரு வேலைய நான் எங்கயும் காணல்ல."

"தோட்டத்து வேலைங்கம்மா. இதான் நமக்குத் தெரிஞ்சது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, கேட்டாயா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் வெட்கத்தால் குன்றியிருக்க வேண்டும் அல்லவா? குன்றினேன்தான். ஆனால் அந்த நேரத்திலும் என் நெஞ்சு நிமிர்ந்தது. கடற்கரையில், யாருடைய ஊரிலோ, என் அப்பாவின் வேலையை ஒருவர் வாய்விட்டுப் புகழ்ந்துவிட்டார்! அந்தப் புகழ் பொய்யல்ல. அந்த மேடு உண்மையிலேயே அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மத்தியானம் நாங்கள் ஏறிய பஸ் திரும்பும்போது, அந்தப் பெண்கள் தென்னோலைகளை இழுத்து வந்து மேட்டை மூடிக்கொண்டிருந்தார்கள். அப்பா மறுபக்க ஜன்னலில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஹிலா ராத்தா இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் இன்னும் நல்லது. புதுக் கன்றுகளின் படங்களை முன்போலவே அனுப்புகிறார். நான் முன்போலவே மற்றவர்களோடு பேசுகிறேன். கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வெட்டிய பகுதி என்னிடம் அப்படியே இருக்கிறது. இன்றைக்குக்கூட அதை வெளியிடலாம்.

நான் வெளியிடவில்லை. பேசியே பெயர் வாங்கிய நான், இதை மட்டும் எழுத்தில் சொல்வது ஏன் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பேசினால் அப்பா கேட்பார்.

மூதூரில் கடல்காரர்கள் தன் வேலையைப் பார்த்து அசந்துபோனதை அவர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். இளவட்டங்கள் அவரிடம் சுரண்டி பிடிக்கப் பழகுகிறார்கள். நேற்று ஊருக்குப் போனபோது, என்னை மேலே கூட்டிப்போய்ப் புதிதாகச் சுரண்டிய மலையைக் காட்டினார். சிவப்பாக, ஒரு புல் இல்லாமல், அவ்வளவு அழகாக இருந்தது. நன்றாயிருக்கிறது என்றேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நமுனுகுலை மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.