பத்து மணிக்குள் விசாகப்பட்டினம்

தம்பியின் கப்பல் சென்னைக்கு வருவதேயில்லை. துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில், காலடிப்பேட்டையில் இருந்துகொண்டு, அவனைப் பார்க்க நாங்கள் விசாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. அவன் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்பவன். பத்து மாதமாக வீட்டுக்கு வரவில்லை. நிலக்கரி இறக்க அங்கே ஒரு நாள் நிற்போம், மறுநாள் காலை பத்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தான். அந்த ஒரு நாளுக்காக எனக்கும் அம்மாவுக்கும் பதினொன்றரை மணி விமானத்தில் டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு அதுதான் முதல் விமானம்.

கிளம்ப வேண்டிய காலையில் நான் எர்ணாவூர் போனேன். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. ஒரு சரக்குப் பெட்டி வெளியே போகக் கையெழுத்து வேண்டும், மேடம் என்று போன் வந்திருந்தது. வேறு யாராவது போட்டிருக்கலாம். நான் இல்லாவிட்டால் அங்கே எதுவும் நகராது என்று எனக்கு ஒரு நினைப்பு. அரை மணியில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். திரும்பும்போது இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரிகள். ஸ்கூட்டர் நுழையக்கூட இடமில்லை. வீட்டுக்கு வந்து, அம்மாவை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு ஓடினேன். விமான நிலையம் வரை ஒரு மணி நேரம். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடும்போது மணி பார்த்தேன்.

நாங்கள் கவுன்டரை அடைந்தபோது பதினொன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. செக்-இன் மூடி இருபது நிமிடம் ஆகிவிட்டதாக அங்கிருந்த பெண் சொன்னாள். நான் லாரிகளைத் திட்டினேன், தம்பியைப் பற்றிச் சொன்னேன், கெஞ்சினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மாலை விமானத்தில் இடமில்லை. மறுநாள் மதியம்தான் இருக்கிறது. அதில் போய் என்ன பயன்? நான் நகர்ந்தபோது அவளே கூப்பிட்டாள். போகிற விமானத்தைத் தவறவிட்டால் திரும்பி வரும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிடும், அதை மட்டும் காப்பாற்றித் தரட்டுமா என்றாள். தலையாட்டினேன். அந்த நேரத்தில் அது உதவியாகவே தோன்றவில்லை.

மற்ற கம்பெனிகளின் கவுன்டர்களுக்கு ஓடினேன். எல்லா இடத்திலும் அதே பதில். திரும்பி வந்து மறுபடி லாரிகளைத் திட்டத் தொடங்கினேன். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“லாரியத் திட்டிகினே நின்னா ஆச்சா? ரயிலு இன்னா ஆச்சு?”

ரயில் எனக்குத் தோன்றவே இல்லை. மாலை ஏழு மணிக்கு மேல் சென்ட்ரலிலிருந்து ஒன்று இருந்தது, காலை எட்டரைக்கு விசாகப்பட்டினம் போய்ச் சேரும். முன்பதிவு கிடைக்காததால் சென்ட்ரலுக்குப் போய்ப் பொதுப்பெட்டிக்குச் சீட்டு வாங்கினோம். ஆனால் ஏழு வரை என்ன செய்வது? அம்மா ஒரு தூணோரம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நான் நடைமேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தம்பி போன் செய்தான். நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கி, “வந்துகினே கீறோம்டா, நீ துன்னியா?” என்று கேட்டு வைத்தாள்.

ரயிலில் அம்மாவுக்கு ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். சூளூர்பேட்டை தாண்டியதும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“வூட்லயே இருந்திருந்தா ஃபிளைட்ட புடிச்சிருக்கலாம்மா. அந்தக் கையெழுத்த வேற ஆளு போட்டிருப்பாங்க. நாந்தான் போனேன்.”

“தெரியும்,” என்றாள் அம்மா. “நீ வண்டி எடுத்தப்பவே தெரியும்.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கீழே உட்கார இடம் கிடைத்த பிறகும் நெல்லூர் வரை நின்றேன்.

துறைமுக வாசலை நாங்கள் அடைந்தபோது மணி ஒன்பதாகப் போகும் நேரம். தம்பி முன்பே வந்து நின்றிருந்தான். இளைத்து, தாடி விட்டிருந்தான். எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவேயில்லை. அவன் ஒரு கையாலேயே டீ குடித்தான். விமானம் எப்படித் தவறியது என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள், “ரோட்ல ஒரே லாரிடா” என்றாள் அம்மா.

“நம்ம ஏரியா மாறவே மாறாதாக்கா?” என்று அவன் சிரித்தான். நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் முழுக்கப் பேசலாம் என்று வைத்திருந்ததில் பாதியைக்கூடப் பேசவில்லை. கப்பலில் சூடு அதிகம் என்றான். தெருவில் யாருக்குக் கல்யாணம், யார் வீடு மாறினார்கள் என்று அம்மா சொன்னாள். ஒன்பதே முக்காலுக்கு அவன் எழுந்தான். வாசலில் காவலர் அவன் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். வளைவில் திரும்பும் முன் கையைத் தூக்கினான். அவன் மறைந்த பிறகும் அம்மா வெகுநேரம் வெயிலிலேயே நின்றாள். கப்பல் எது என்று அங்கிருந்து தெரியவில்லை.

அன்று மாலை, கவுன்டர் பெண் காப்பாற்றித் தந்த டிக்கெட்டில் விமானத்தில் திரும்பினோம். அம்மா ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். கீழே கப்பல்கள் புள்ளிகளாகத் தெரிந்தபோது அவளை எழுப்பலாமா என்று பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.